பன்னிரண்டு நிமிட நடை

"என்கூட நடந்து வாங்க சார். இப்பவே. ஸ்டேஷன் நாலாம் வாசல்ல இருந்து பரீட்சை மையம் வரைக்கும்."

பதிப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் கையில் அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டிய தாள் ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது. 'மாநகருக்கு முதன்முறை வருவோர் கையேடு', முப்பதாவது பதிப்பு, எழுபத்திரண்டாம் பக்கம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மெய்ப்பு பார்க்கும் அக்கா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "லீவு கேளு, சம்பளம் ஏத்தச் சொல்லு, சண்டைகூடப் போடு. நடந்து பாருங்கன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத. மனுஷன் தாங்க மாட்டாரு." ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். இன்று முடியவில்லை.

"எதுக்கு நடக்கணும்? கயிறு இருக்கே" என்றார் ஆசிரியர்.

இருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். பக்கத்தில் ஆணியில் தொங்கும் சிவப்புக் கயிறு. விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு மூன்று நிமிட நடை. புதிதாக ஒரு விடுதியோ ஆஸ்பத்திரியோ வந்தால், ஸ்டேஷனில் ஒரு நுனியை வைத்து இழுத்துப் பிடித்து முடிச்சை எண்ணி எழுதிவிடுவார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவர்களின் கால்களுக்கெல்லாம் அந்தக் கயிறுதான் கணக்குச் சொன்னது. கயிற்றுக்கு மேடு தெரியாது, பள்ளம் தெரியாது. எட்டு வருடத்துக்கு முன் தண்டவாளத்தைக் கடக்கும் வழியை அடைத்துக் கட்டிய நீளச் சுவரும் தெரியாது. கயிறு அதை அலுங்காமல் தாண்டிவிடும். மனிதர்கள்தான் பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும்.

அவள் சுற்றியிருக்கிறாள். போன வருடம், இதே கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினாள். அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர், அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இவள்தான். அரசாங்கப் பரீட்சைக்கு இரண்டு வருடம் கண் எரியப் படித்திருந்தாள். பரீட்சை மையத்தின் கதவு மூட இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. புத்தகம் பன்னிரண்டு நிமிட நடை என்றது. நேரம் கிடக்கிறதே என்று முகம் கழுவிக்கொண்டு நிதானமாக ஒரு டீயும் குடித்தாள். அந்த டீ இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. சுவர் வந்தது. போய்க்கொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடியும் ஏழு நிமிடம் தாமதம்.

பெட்டியோடு நேராகப் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த விலாசத்துக்கு வந்து இந்த அறையில் நின்று கத்தினாள். ஆசிரியர் முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லாத் திட்டுறம்மா. ஒரு வார்த்தை பிசகல. எழுதுவியா?" என்றார். "அடுத்த பதிப்புல நீயே திருத்திக்கோ" என்றும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தங்கினாள்.

வீட்டுக்குப் போனில், பரீட்சை எழுதினேன், கிடைக்கவில்லை, வேறு வேலை கிடைத்துவிட்டது என்றாள். "அதனால என்னம்மா, எழுதினியே, அதுவே பெருசு" என்றார் அப்பா. அதற்குப் பிறகு எந்த அழைப்பையும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவிடவில்லை. நீண்டால் வாய் உளறிவிடும்.

விடுதி அறையில் மூன்று கட்டில்கள். மற்ற இருவரும் ஞாயிற்றுக்கிழமையானால் தங்கள் அலுவலகக் கூட்டத்தோடு கிளம்பிவிடுவார்கள். இவளும் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்புவாள், நோட்டோடும் கைக்கடிகாரத்தோடும். அருங்காட்சியகம் இருபத்தாறு நிமிடம். பெரிய ஆஸ்பத்திரி முப்பத்தொன்று. மழையென்றால் இன்னும் ஆறு நிமிடம். மதியம் ஏதாவது கடையில் நுழைந்தால் பரிமாறுகிறவர், "ஒருத்தர்தானா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையைக் காட்டுவார். சாப்பிட்டு எழுந்தால் கல்லாவில், "சில்லறை இருக்கா?" ஒரு வருடத்தில் இந்த மாநகரம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பேசியது இந்த இரண்டு வாக்கியங்கள்தான். 'இந்நகரம் எவரையும் தனியே விடுவதில்லை' என்பது கையேட்டின் முதல் வரி. அதையும் அவள்தான் இந்த முறை தட்டச்சு செய்தாள்.

"நாப்பத்தேழுன்னு திருத்தி வச்சேன். திரும்பப் பன்னெண்டு ஆக்கினது யாரு?"

"நான்தான். முப்பது வருஷமா பன்னெண்டுன்னு சொன்னவன், திடுதிப்புன்னு நாப்பத்தேழுன்னா ஜனங்க சிரிக்காதா? நான் நடக்காமயா எழுதினேன்? நூறு தடவை நடந்திருக்கேன்."

"எப்போ?"

"கல்யாணம் ஆன புதுசுல."

"உங்க பேத்தி காலேஜ் போகுது சார்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவதுபோல் சிரித்தாள்.

"ஒண்ணை மாத்தினா இருநூறையும் மாத்தணும். அச்சகம் காத்துக்கிட்டு இருக்கு. பரீட்சைக் கூட்டம் வந்து இறங்குறதுக்குள்ள புத்தகம் ஸ்டேஷன் கடைக்குப் போயாகணும்."

"அந்தக் கூட்டத்துக்காகத்தான் கேக்குறேன். மத்ததையும் மாத்தலாம், நூத்திப் பத்து இடம் நடந்து பாத்து எழுதியிருக்கேன்." நோட்டை மேசையில் போட்டாள்.

அவர் புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். விரல் மெதுவானது. "யாரு உன்னை நடக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஞாயித்துக்கிழமை எனக்குப் பேச ஆளு இல்ல."

சொல்ல நினைக்காதது அது. வந்து விழுந்துவிட்டது. அவர் நோட்டை மூடினார். சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டவர்போல முகம் மலர்ந்தது.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? உழைப்புக்கு மரியாதை வேணும், அவ்வளவுதானே? இந்தத் தடவை அட்டையில என் பேருக்குக் கீழ உன் பேரும் வரும். நல்லாப் பெருசா."

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். ஆனால் அவள் பெயரை மட்டும் எங்கே கண்டாலும் படித்துவிடுவார். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சந்தை முழுக்கக் காட்டித் தீர்ப்பார். ஒரு மூச்சு நேரம், வெட்கமே இல்லாமல், அது வேண்டும் என்றிருந்தது.

"உள்ள பன்னெண்டுதானே இருக்கும்?"

"உள்ள இருக்கிறத எவன்மா நம்பி நடக்கப்போறான்?"

"நான் நடந்தேன் சார்."

"அட, நடந்ததாலதானே உனக்கு இந்த வேலை கிடைச்சுது!"

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. உதவி செய்த மனிதரின் குரலில், வாஞ்சையாகச் சொன்னார். இரண்டு வருடப் படிப்பும் மூடிய கதவும் அவர் கணக்கில் வரவு.

"பேரு வேணாம் சார். எங்கேயாவது போட்டிருந்தா எடுத்துடுங்க."

தாளை அவர் முன்னால் நீவிவிட்டு வைத்தாள். நோட்டை எடுத்துக்கொண்டாள். தன் மேசைக்கு வந்து இழுப்பறையில் இருந்த சீப்பு, மருந்து அட்டை, மாற்றுக் காலுறை எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். அக்கா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"என்னடி, நிஜமாவே கிளம்புறியா? கோபம் ஆறட்டும், சாயங்காலம் நான் பேசிப் பாக்குறேன்."

"ஆறுறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. பன்னெண்டு ஆக்கினதை நேத்தே பாத்துட்டேன். காலைலயே கீழ ஜெராக்ஸ் கடையில கொடுத்துட்டுத்தான் மேல வந்தேன். ஒரே ஒரு தாள். நாலாம் வாசல், சுவர், பாலம், நாப்பத்தேழு நிமிஷம், அவசரம்னா ஆட்டோ. ஆயிரம் காப்பி. பரீட்சை அன்னிக்கு விடியும்போதே ஸ்டேஷன்ல நின்னு கொடுப்பேன்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைலயே முடிவு பண்ணிட்டியா? அப்புறம் அந்த மனுஷன்கிட்ட எதுக்குடி போய் மல்லுக்கு நின்ன?"

"நடந்து பாருங்கன்னு மட்டும் சொல்லிடாதன்னீங்கல்ல. போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது சொல்லிடணும்னு இருந்துச்சு, அதான்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் தள்ளினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கவில்லை, படிகளில் இறங்கினாள், ஒரு தடவையும் நிற்காமல்.