கப்பலுக்கு முதுகு காட்டிய மலை

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சுற்றுலாக் கப்பலில் மதிய உணவுக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, அலாஸ்காவில் தாகின் என்ற ஊருக்கு எதிரே தீவில் இருந்த மலை திரும்பி உட்கார்ந்தது. நிலம் அதிரவில்லை, பாறை உருளவில்லை. படுத்திருக்கும் ஆள் கோபத்தில் சுவர்ப்பக்கம் புரள்வதைப் போல நிதானமாகத்தான் திரும்பியது. திரும்பி முடிக்க ஒரு கெட்டில் காபி கொதிக்கும் நேரம் ஆயிற்று. முகத்தில் இருந்த பனியாறு, அதன் நீல வெடிப்புகள், நெற்றி மேட்டில் மேயும் வெள்ளாடுகள், கழுகுக் கூடு சுமந்த மரங்கள், தாடைக்குக் கீழே கடலில் விழும் மீன் ஓடை எல்லாம் மலையோடு சேர்ந்து அந்தத் தீவின் மறுபக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் மிஞ்சியது முதுகு மட்டும். ஈரச் சாம்பல் பாறை, பேருக்கு ஒரு புல் கிடையாது, முன்பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடித்த வீட்டின் பின்சுவர் மாதிரி. மேல்தளத்தில் சூடான சாக்லேட் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கப்பல்தான் திரும்பிவிட்டது என்று நினைத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. இத்தனை காலம் பொறுத்ததுதான் அதிசயம் என்றார்கள்.

கப்பல் முதலில் வந்தபோது ஒன்றுதான் வந்தது. பிறகு வாரம் ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று. எட்டு மாடி உயர வெள்ளைக் கப்பல் நீரிணைக்குள் நுழைந்தால் ஊரின் பாதி வீடுகளுக்கு வெயில் போய்விடும். அலாஸ்காவில் வெயிலைத் தட்டிப் பறிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்பது அங்கே குளிர்காலம் கழித்தவர்களுக்குத்தான் தெரியும். கப்பல் கம்பெனி அச்சடித்த தாளில் திமிங்கிலம் நிச்சயம், கரடி நிச்சயம், பனிப்பாளம் உடைந்து விழுவது நிச்சயம் என்று போட்டிருந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? திமிங்கிலத்தைக் கேட்டார்களா? வந்தவர்கள் கம்பிக்கிராதியில் சாய்ந்துகொண்டும் துறையில் இறங்கியும் குறை சொன்னார்கள். திமிங்கிலம் வாலை மட்டும் காட்டியது என்று ஒருவர், கரடி தூரத்தில் இருக்கிறது, கொஞ்சம் கிட்டே வரச் சொல்ல முடியாதா என்று இன்னொருவர். மலை படத்தில் பெரிதாக இருந்தது, நேரில் குட்டை; பனியாறு அழுக்கு, கழுவாத பாத்திரம் போல இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பெயர் உள்ள அந்த மலைக்கு எங்கோ தெற்கே செத்துப்போன ஒரு செனட்டரின் பெயரை வேறு ஒலிபெருக்கியில் வைத்துச் சொன்னார்கள். அந்த ஆள் ஒரு நாளாவது இந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தவரில்லை.

இந்தக் குறைகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய கடமை அக்ரஃபீனாவின் தலையில் விழுந்தது. அவள் அந்தக் கரையின் பூர்வகுடியான டிலிங்கிட் இனத்துப் பெண், அறுபதை நெருங்கியவள், கணவனை இழந்தவள். பெயர் மட்டும் பழைய ரஷ்யப் பாதிரிகள் விட்டுப்போனது. அவள் குலத்துக்கு அந்த மலை தாய்மாமன். அங்கே பிள்ளைகளுக்கு அப்பனைவிடத் தாய்மாமன் சொல்தான் சொல். குலமும் சொத்தும் அம்மா வழி. மலையின் தாடைக்குக் கீழே ஓடிய ஓடையும் அவள் குலத்துடையது, அதன் கரையில் இருந்த மீன் சுடும் புகைக் குடிலும் அவளுடையது. மலைக்கும் கரடிக்கும் பனியாற்றுக்கும் காது உண்டு என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. உன் இடத்துக்கு வந்த விருந்தாளி வேறொருவரை அவமதித்தால், மன்னிப்புக் கேட்க வேண்டியது நீதான். அதற்கும் முறை உண்டு. நேரே முகத்துக்கு எதிரே போய் நிற்க வேண்டும். காய்ந்த மீனை நெருப்பில் இட வேண்டும். சொன்ன வசையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்லி, அதற்குப் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டும். வசையை மறைத்துக் கேட்கும் மன்னிப்பு திருட்டு மன்னிப்பு என்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு கப்பல் போன பிறகும் அக்ரஃபீனா தன் அலுமினியப் படகை எடுத்துக்கொண்டு மலைக்கு எதிரே போனாள். "மாமா, ஒங்களைக் குட்டைன்னு சொல்லிட்டாங்க, மன்னிச்சுக்கங்க. அழுக்குன்னு சொல்லிட்டாங்க, மன்னிச்சுக்கங்க. இதுக்கா இவ்வளவு காசுன்னு கேட்டாங்க, மன்னிச்சுக்கங்க." கணவன் இறந்த வாரமும் போனாள். முழங்கால் வீங்கிய கோடையில் படகில் உட்கார்ந்தபடியே சொன்னாள். எத்தனை கோடை இப்படிப் போயிற்று என்று அவள் எண்ணவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது மட்டும் தெரியும். இவ்வளவுக்குப் பிறகும் மலை அவளுக்கும் சேர்த்து முதுகைக் காட்டிவிட்டது.

செஞ்சால்மன் மீன்கள் முட்டையிட ஓடை ஏறும் மாதம் அது. ஓடை இருந்த இடத்தில் இப்போது காய்ந்த கூழாங்கல். அதன் நடுவே புகைக் குடில், கூப்பிட மறந்துபோன விருந்தாளி மாதிரி நின்றது. மீன் இல்லையென்றால் அவளுக்குக் குளிர்காலம் இல்லை. கடையில் விற்கும் தகர டப்பா மீனைத் தின்று உயிர் வாழ்வதை அந்த ஊரில் வாழ்வதாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மீனைவிட அந்த முதுகுதான் அவளைச் சுட்டது. காலையில் கதவைத் திறந்தால் முதுகு, பாத்திரம் கழுவ ஜன்னலருகே போனால் முதுகு. தீவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் முகத்துக்கு எதிரே வலியப் போய் நிற்பது அங்கே சண்டைக்கு இழுப்பதற்குச் சமம். அக்ரஃபீனா ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

கம்பெனி முதலில் நிலநடுக்கம் என்றது. கருவிகளோடு ஆட்கள் வந்து, முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பயணிகள் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான், கரைப் பயணங்களைக் கவனிக்கும் பிராண்ட் என்ற அதிகாரி, புது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அக்ரஃபீனா வீட்டுப் படியேறினார்.

"இங்கே என்ன வழக்கமோ அதைச் செய்துடுங்கம்மா. செலவு எங்களுது" என்றார்.

"என் வழக்கத்தை இத்தனை வருஷமா நான் செஞ்சாச்சு. இப்ப ஒங்க மொறை" என்றாள் அக்ரஃபீனா. "பேசுனது யாரு? ஒங்க ஆளுங்க. ஒங்க ஆளுங்களே வந்து நின்னு, என்ன பேசுனாங்களோ அதை அப்படியே சொல்லி, தலை குனிஞ்சு கேக்கட்டும்."

பிராண்டுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அவர் அதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்தார். அடுத்த கப்பலில் பயணிகள் எல்லோரும் மேல்தளத்தில் கூடினார்கள். காகிதத்தில் செய்த கழுகு இறகை ஆளுக்கொன்றாகத் தலையில் செருகியிருந்தார்கள். ஒலிபெருக்கி ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில் மன்னித்துக்கொள் மலையே என்று கத்தினார்கள். என்ன சொன்னோம், எதற்கு மன்னிப்பு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. கத்தி முடித்ததும் கை தட்டினார்கள், யாருக்கென்று தெரியாது. பிறகு நண்டு விருந்துக்கு வரிசை நின்றார்கள். மலை அசையவில்லை. ஒரு கூழாங்கல்கூடப் புரளவில்லை. கப்பலுக்குக் கீழே படகில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்ரஃபீனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று அவள் படகைச் சுற்றிக் கடல்நீர் ஆவியாகக் கிளம்பியதைப் பலர் பார்த்திருக்கிறார்கள்.

கம்பெனிக்கு வெட்கம் என்ற ஒன்று இருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். மன்னிப்பு பலிக்கவில்லை என்று தெரிந்ததும் தாளை மாற்றி அச்சடித்தார்கள்: உலகிலேயே முதுகு காட்டும் ஒரே மலை, காணத் தவறாதீர்கள், முதுகு நிச்சயம். கூட்டம் முன்பைவிட அதிகமாக வந்தது. மலையின் முதுகுப் படம் போட்ட பனியன்கள் கப்பல் கடையில் தீர்ந்துபோயின. அக்ரஃபீனா அந்தப் பனியனைப் போட்ட ஒரு மனிதரைத் துறையில் பார்த்தாள். நேரே நடந்து, தன் படகு கட்டியிருந்த எண்ணெய்த் துறைக்குப் போனாள்.

எண்ணெய்த் துறையில் படகுகளுக்கு டீசல் ஊற்றுபவன் நிகிஃபோர், அவளுடைய கொழுந்தன். கணவன் வழி எப்போதும் எதிர்க்குலம். எதிர்க்குலத்தாருக்குக் கேலி பேச உரிமை உண்டு, உண்மை சொல்லும் கடமையும் உண்டு. இரண்டையும் அவன் தாராளமாகவே செய்வான்.

"என்ன அண்ணி, மூக்குல பொகை வருது. குடிலை மூக்குக்குள்ளேயே கட்டிட்டீங்களா?"

"வாயை மூடு. டாங்க்கை நெரப்பு. அந்த பிராண்டோட கப்பல்ல ஏறி நான் கத்தப்போறேன்."

"யார்கிட்ட கத்தப் போறீங்க? அவங்க அதையும் ஒரு நிகழ்ச்சின்னு போட்டுருவாங்க, படம் புடிப்பாங்க." நிகிஃபோர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினான். "அண்ணி, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டீங்களே?"

"அடிப்பேன். சொல்லு."

"கப்பல்காரன் அத்தனை ஒசரத்துல நின்னு அவன் பாஷையில மொணமொணன்னு பேசுறான். அது மலைக்கு எங்க கேக்கும்? கேட்டாலும் என்ன புரியும்? மலைக்குத் தெரிஞ்ச பாஷையில, மூஞ்சிக்கு நேரா, குட்டை, அழுக்கு, கழுவாத பாத்திரம்னு சொன்னது யாரு? அதுவும் தெனம் தெனம்?"

அக்ரஃபீனா கையை ஓங்கினாள்.

"தப்பு செஞ்சவதான் மன்னிப்புக் கேப்பான்னு அது நெனச்சிருக்கும். யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. மருமக இப்படித் திட்டுறாளேன்னு அதுவும் எத்தனை வருஷம்தான் பொறுக்கும்?"

முறைப்படி செய்த ஒவ்வொன்றும் வினையாகப் போயிருந்தது. அவள் அவனை அடிக்கவில்லை. ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். கப்பல் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கோபம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. யாருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஊரான் எச்சிலை நாக்கில் சுமந்தாளோ அவருக்கே அவள் குரல் அடையாளம் தெரியவில்லை. சண்டைக்கு இழுப்பதென்றால் இழுத்துவிட்டுப் போகிறது என்று முடிவு செய்து, படகை அவிழ்த்தாள்.

தீவின் மறுபக்கம் திறந்த கடல். அடியில் பாறைகள் அதிகம், எந்தக் கப்பலும் வர முடியாது. அக்ரஃபீனா அலையில் நனைந்து, வளைவைத் தாண்டியதும், மலையின் முகம் எதிரே வந்து நின்றது. அத்தனையும் இருந்தது. பனியாறு கடல்வரை இறங்கியிருந்தது. வெள்ளாடுகள் நெற்றியில் மேய்ந்தன. மிதக்கும் பனிக்கட்டிகள் மேல் சீல்கள் குட்டிகளோடு படுத்திருந்தன. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் யாருக்கும் காட்டாமல் தம் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. ஓடை வாயில் செஞ்சால்மன் நெருக்கியடித்தது. அழகாகத்தான் இருந்தது. அவளுக்கு அழகைப் பார்க்கப் பொறுமை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"மாமா! இன்னைக்கு மீனும் கெடையாது, மன்னிப்பும் கெடையாது. கோவம் மட்டும்தான் கொண்டாந்திருக்கேன், வாங்கிக்கங்க. ஒங்களைக் குட்டைன்னு சொன்னது நானா? அழுக்குன்னு சொன்னது நானா? ஒங்க அடிவயித்துல மீன் புடிச்சு வளந்தவ கொரல் ஒங்களுக்குத் தெரியாது? அவன் துப்புனதை எல்லாம் என் வாயில வாங்கிட்டு வந்தேனே, எனக்குக் கசக்காதா? எம்புருஷனைப் பொதைச்ச வாரம் அழுவுறதுக்கு எனக்கு நேரம் இல்ல மாமா, ஒங்ககிட்ட வந்து நின்னேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, 'நீ ஏம்மா கேக்குற'ன்னு கேட்டீங்களா? கேக்கல. முதுகைக் காட்டுனீங்க. அவங்க அந்த முதுகையும் பனியன்ல போட்டு வித்துட்டாங்க, தெரியுமா? நல்லா இருக்கு ஒங்க ரோஷம்! ரோஷப்பட வேண்டிய எடத்துல படாம, வீட்டுப் பொண்ணுகிட்ட படுறீங்க!"

மலையை அப்படி யாரும் பேசியதில்லை. பேசினால் பனியாறு மேலே விழும் என்பதைப் பேச்சு வரும் முன்பே அந்த ஊர்க் குழந்தைகள் தெரிந்துகொண்டுவிடும். அக்ரஃபீனா விழட்டும் என்றுதான் நின்றாள். சீல்கள் தலையைத் தூக்கின. திமிங்கிலங்கள் மூச்சை நிறுத்திக்கொண்டன. நெற்றியில் இருந்த வெள்ளாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரப்படாமல், தோள்பட்டைக்கு இறங்கி வந்தன. அவை எல்லாம் இறங்கி முடித்த பிறகு மலை தலையைக் குனிந்தது.

உச்சியில் இருந்த பனி முழுவதும் சரிந்து முதுகுப் பக்கம் கொட்டியது. வெயில் படாத பின்கழுத்து தெரிந்தது, வயதானவர்களின் கழுத்தைப் போலச் சுருக்கம் விழுந்து. பேருக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு நிமிர்ந்துகொள்ளும் குனிவு அல்ல அது. அக்ரஃபீனாவுக்கு இன்னும் சொல்ல நிறைய இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக, படகில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். "போதும், நிமிருங்க மாமா. பெரியவங்க இப்படி நிக்கக் கூடாது" என்று அழுகைக்கு நடுவே சொல்லிப் பார்த்தாள். மலை நிமிரவில்லை. பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, கரையில் இறங்கி, மீன் பிடித்து, வயிற்றைக் கீறிக் கழுவ ஆரம்பித்தாள். புகைக் குடிலைப் பிரித்து அங்கே கொண்டுபோய்க் கட்டும் வேலையை அந்த வாரமே நிகிஃபோர் முனகிக்கொண்டே செய்து முடித்தான்.

கப்பல்கள் இப்போதும் வருகின்றன, முதுகைப் படம் எடுக்கின்றன, வெயிலை மறைக்கின்றன. அவற்றின் மீதான கோபத்தை அக்ரஃபீனா இறக்கி வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. மலைக்கு எதிரே மட்டும் அவள் வேறு யாருடைய சொல்லையும் எடுத்துச் செல்வதில்லை. அடுத்த ஆண்டு அச்சான கடல் வரைபடத்தில் மலையின் உயரம் குறைத்துப் போடப்பட்டிருந்தது. பிராண்ட் அதை எண்ணெய்த் துறைக்கு எடுத்துவந்து, இது எப்படி என்று நிகிஃபோரிடம் கேட்டார்.

"எங்க அண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு சார்" என்றான் நிகிஃபோர். "நெசமாக் கேட்டா ஒசரம் கொஞ்சம் கொறையத்தான் செய்யும். ஒங்க கப்பல்ல அன்னைக்கு ஒருத்தருக்கும் கொறையலயே." சொல்லிவிட்டு டீசல் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினான்.