தாமோதர் காட்டிய குட்டை

மண்ணை எங்கே கொட்டக் கூடாதோ அங்கே கொட்டுவதற்கென்றே தாமோதர் படித்துப் பட்டம் வாங்கியிருந்தான். சேத்தூருக்கு மேற்கே ஒரு மணல் குவாரிக்கு அவன் மேனேஜர். மணலை எடுக்குமுன் மேலே கிடக்கும் வளமான மண்ணைச் சுரண்டித் தனியாகக் குவித்துவைக்க வேண்டும், தோண்டி முடித்ததும் பள்ளத்தில் அதைத் திரும்பப் பரப்ப வேண்டும் என்பது அனுமதியில் இருந்த நிபந்தனை. குவித்துவைத்தான். சரிவின் விளிம்பில், நேர் கீழே நூர்பானுவின் செடித் தோட்டம் இருக்கும்படியாகக் குவித்துவைத்தான். டிப்பர் லாரி திரும்ப அதுதான் வசதியாம்.

நூர்பானுவிடம் மூவாயிரம் மாங்கன்றுகள் இருந்தன. எல்லாம் ராஜபாளையம் சப்பட்டை, ஒட்டுக்கன்று. பையில் நிற்கும் கன்றுக்கு ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். சேறு ஏறி மூடினால் பத்து நாளில் அழுகிவிடும். புரட்டாசிக் கடைசியில் பெய்த ஒரு சின்ன மழைக்கே குவியல் கரைந்து இறங்கி இரண்டு வரிசையைத் தின்றுவிட்டது. ஐப்பசி மழை இனிமேல்தான்.

மூன்றாம் முறையாக அவள் குவாரிக்கு ஏறிப் போனாள்.

"எல்லாம் ரூல்படி இருக்குக்கா," என்றான் தாமோதர். "குவியலைச் சுத்தி வாய்க்கா, வாய்க்கா முடியுற இடத்துல சேறு தங்குற குட்டை. ஆறு மாசத்துக்கு முன்னாலயே போட்டோவோட ரிப்போர்ட் அனுப்பியாச்சு."

"எங்க தம்பி இருக்கு? என் கண்ணுக்குத் தட்டுப்படலையே."

"நீங்க கீழ இருந்து பாக்கீங்க," என்று போனை நீட்டினான்.

படத்தில் குட்டை இருந்தது. அழகான குட்டை. கரையில் துவைக்கிற கல், கல்லின் மேல் நூர்பானுவின் பச்சை வாளி.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஜாரில் ஜவுளிக் கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பிடித்த சரக்கைக் கண்டதும் முகத்தில் காட்டிவிடுகிறவர்கள் அந்த வீட்டில் பிழைக்க முடியாது. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"நல்லாருக்கு தம்பி. மூலையில என்ன நம்பரு?"

"அது ஜிபிஎஸ்க்கா. எடம் எதுன்னு தானா விழுந்துரும். வியாழக்கிழமை குவாரியைச் செக் பண்ண ஆபீசர் வாராருல்ல, அவரு இந்த நம்பரைப் போன்ல போட்டா நேரா அந்த இடத்துலயே வந்து..."

வாய் நின்றுவிட்டது. படித்த பிள்ளைதான், கொஞ்சம் தாமதம்.

"வந்து நிப்பாரு," என்று நூர்பானு முடித்துவைத்தாள். "வரட்டும். டீ போட்டு வைக்கேன்."

அன்று சாயங்காலமே தாமோதர் அவள் தோட்டத்துக்கு வந்தான், கையில் ஸ்வீட் பெட்டியோடு.

"ஒரு நாளைக்கு மட்டும் உங்க குட்டையைத் தாங்கக்கா. வேலியைக் கழட்டிட்டு குவாரி போர்டு ஒண்ணு வச்சுக்கிடுதேன். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"குவியலை விளிம்புல இருந்து அம்பதடி பின்னால தள்ளு. அடியில வாய்க்கா வெட்டு. ஒரு குட்டை தோண்டு."

"அம்புட்டும் செஞ்சா ரெண்டு நாள் லோடு நின்னுரும்க்கா. வாய்க்கா மட்டும் வெட்டுதேன்."

"வாய்க்கா மட்டும் வெட்டினா சேறு வழி கேக்காம என் வீட்டுக்கே வந்துரும். மூணும்."

"சரி, ஆபீசர் போன பொறவு மூணும்."

"கல்யாணம் முடிஞ்ச பொறவு தாலி வாங்குத ஆளா நீ? புதன்கிழமை பொழுது சாயுறதுக்குள்ள மூணும்."

"செஞ்சா குட்டையைத் தருவீங்களா?"

"ஒனக்குன்னு ஒரு குட்டை இருக்கும்போது எங்குட்டை எதுக்கு?"

தாமோதர் யோசித்தான். யோசிக்க யோசிக்க, தன்னை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டதாகவே அவனுக்குத் தோன்றியது.

ஜேசிபி ஓட்டுகிற பாண்டிதுரை ஒன்றரை நாளில் வேலையை முடித்தான். "இதுக்கா சார் வேலி தாண்டிக் குதிச்சு அடுத்தவிய குட்டையைப் போட்டோ எடுத்தீக?" என்று கேட்டான். தாமோதருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துவிட்டது. மணி அடிக்காத போன்.

வியாழக்கிழமை அதிகாரி போனைப் பார்த்தபடியே நடந்து, நேராக நூர்பானுவின் குட்டைக் கரையில் வந்து நின்றார்.

"இதுதானேம்மா குவாரிக் குட்டை?"

"இல்ல சார், இது எங்குட்டை. அவிய குட்டை மேல இருக்கு, நேத்துதான் பொறந்துச்சு. வாங்க காட்டுதேன்."

மேலே ஏறிய அதிகாரி, ஜேசிபிப் பல் பதிந்த ஈரக் கரையைப் பார்த்துவிட்டு ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"தூர் வாரினோம் சார்," என்றான் தாமோதர்.

"தூர் வாரினதுல குட்டை முந்நூறு மீட்டர் மேலேறி வந்துருச்சோ?"

பொய் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும், அதுவரை புதிதாகத் தோண்டக் கூடாது, எடுத்துவைத்த மணலை மட்டும் ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் மழை பிடித்தது. தோட்டத்தை ஒட்டிய ஓடை புரண்டு ஓடியது. நூர்பானு குடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வரிசை வரிசையாகக் குனிந்து ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்தாள். தண்ணீர் வந்தது, சேறு வரவில்லை. ஒரு ஒட்டும் மூடிப்போகவில்லை.

மறுநாள் காலை மேலே ஏறினாள். புதுக் குட்டை விளிம்புவரை சேறு நிறைந்து கிடந்தது. தாமோதர் இடுப்பில் கைவைத்து நின்றான், தன் கையாலேயே தோண்டியவன் மாதிரி.

"பாத்தீங்களாக்கா, நம்ம குட்டை எப்படி வேலை செஞ்சிருக்குன்னு?"

"வயிறு முட்டக் கெடக்கு. அடுத்த மழைக்கு இது குட்டை இல்ல, மேடு. அள்ளு."

"திங்கக்கிழமை அள்ளிரலாம்க்கா."

"மழை உன்கிட்ட லீவு கேக்குமா?"

"ஆறு டிப்பர் நிக்குது..."

நூர்பானு வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, டிப்பர் போகிற பாதைக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தாள். முதல் டிப்பர் ஹாரன் அடித்தது.

"அள்ளி முடிச்சிட்டு அடிங்க," என்றாள்.

தாமோதர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பாண்டிதுரை, யாரையும் கேட்காமல், ஜேசிபியில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டான்.