துரை அழவே இல்லை

இங்கிலாந்து ராணியின் பங்காளி வகையறாவில் ஒருவர் தன் கம்பெனிக்கு வரப்போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து ஆத்தப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடந்தது இரண்டாயிரத்து ஆறில். லண்டனில் அநாதைக் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை. அதற்கு அந்தத் துரை தலைவர். அவர்கள் விற்கிற பனியன்களைத் தைத்துக் கொடுப்பது ஆத்தப்பன். தைக்கிற இடத்தை ஒரு நடை பார்த்துவிட்டு, மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகிறாராம். அவிநாசி ரோட்டில் கம்பெனி வைத்திருக்கிற வேறு எவனுக்கு இந்த யோகம் அடித்தது?

துரையின் பெயர் எட்மண்ட். பட்டத்துக்கு முப்பத்து நாலாவது ஆள் என்று கந்தவேல் இன்டர்நெட்டில் பார்த்துச் சொன்னான். வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசி ஆர்டர் வாங்கி வருகிற மெர்ச்சண்டைசர் அவன். முன்னால் நிற்கிற முப்பத்து மூன்று பேரும் போய்ச் சேர்ந்துவிட்டால் இவர்தான் ராசா என்று ஆத்தப்பன் வீட்டுக்கு வந்து விளக்கினார்.

"அத்தன எழவு உழுந்தப்புறம் ராசாவாயி என்னத்தப் பண்றதுங்க" என்று கேட்டுவிட்டு அவர் சம்சாரம் முத்தாத்தாள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு பவிசும் தெரியாத பொம்பளை என்று ஆத்தப்பன் மனசுக்குள் நொந்துகொண்டார்.

துரையின் வாழ்க்கை வரலாறு நாலு பக்கம் இருந்தது. அதைக் கந்தவேல் பிரிண்ட் எடுத்துத் தமிழில் படித்துச் சொன்னான். அறுபது அறை உள்ள மாளிகையில் பிறப்பு. வளர்த்ததெல்லாம் ஆயா. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைசீவிக் கூட்டிப்போய் அம்மாவிடம் அரைமணி நேரம் காட்டுவார்களாம். ஏழு வயதில் ஹாஸ்டல். விடிகாலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல். அப்புறம் பட்டாளம், மெடல். அதோடு ஆத்தப்பன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மிச்சம் ஒரு பக்கம் இருந்தது. இரண்டு கல்யாணமும் முறிந்துபோனதும், பெரிய வீட்டில் இரண்டு நாய்களோடு தனியாக இருப்பதும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. வேண்டியதை மட்டும் காதில் வாங்குகிறவனுக்கு மூன்று பக்கம் போதுமே.

அவருக்கு வேண்டியது அந்த ஏழு வயது ஹாஸ்டல்தான். ஏனென்றால் அவருடைய ஒரே மகள் தேஜஸ்ரீயை ஆறரை வயதில் ஊட்டியில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். இப்போது அவளுக்கு எட்டு. சேர்த்த நாளிலிருந்து வார்டனிடமிருந்து கடிதம் வந்தபடி இருந்தது. குழந்தை ராத்திரியில் அழுகிறாள், படுக்கையை நனைத்துவிடுகிறாள் என்று.

பிள்ளையை ஊட்டிக்கு அனுப்பியதற்கு அவர் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. ஆத்தப்பன் ஆறாவதோடு படிப்பை விட்டவர். பவர்டேபிள் மெஷினில் பனியன் தைத்துத் தைத்து முதலாளி ஆனவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேஜையில் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். ஆத்தப்பன் வாயெல்லாம் பல்லாக "வெரி குட், வெரி குட்" என்றார். வெள்ளைக்காரர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். போன மாதம் என் மனைவி செத்துப்போனாள் என்று அவர் சொன்னதாகக் காரில் போகும்போது கூட வந்தவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு ஆத்தப்பன் சோறு தின்னவில்லை. என் பிள்ளைக்கு இந்தக் கேவலம் வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்.

அதனால் முத்தாத்தாள் எவ்வளவு அழுதும் பருப்பு வேகவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளை தேம்பினால் போதும், துரையின் கதையை எடுத்துவிடுவார். அவர் ராசா ஊட்டுப் பிள்ளை, ஏழு வயதில் ஹாஸ்டலுக்குப் போனார், ஒரு சொட்டு அழவில்லை தெரியுமா என்பார். அழவில்லை என்பது அந்த நாலு பக்கத்தில் எங்கேயும் கிடையாது. அது ஆத்தப்பனின் சொந்தத் தயாரிப்பு.

துரைக்குப் பூச்செண்டு கொடுக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் லீவு கேட்டு மகளை வரவழைத்தார். அன்று ராத்திரிக்குள் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மூன்று வாக்கியம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வைத்தார். அப்பா என்று கூப்பிடாதே, டாடி என்று கூப்பிடு என்றும் சொல்லிவைத்தார்.

துரை வந்தார். அறுபது வயது, ஒடிசலான உடம்பு. ஆத்தப்பன் எதிர்பார்த்த மிடுக்கு ஒன்றும் இல்லை. கட்டிங் செக்‌ஷனையும் தையல் லைனையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். தேஜஸ்ரீ பள்ளிக்கூட யூனிஃபார்மில் நின்று பூச்செண்டைக் கொடுத்து, மூன்று வாக்கியத்தையும் பிசிறில்லாமல் சொன்னாள். ஆத்தப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

சாப்பாடு கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்த அவர் வீட்டில். மேஜையின் ஒரு பக்கம் துரை, அவருக்கு இந்தப் பக்கம் ஆத்தப்பன், அந்தப் பக்கம் தேஜஸ்ரீ. கந்தவேல் கடைசியில், அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தான். முத்தாத்தாள் பரிமாறினாள். பாதிச் சாப்பாட்டில் தேஜஸ்ரீ, எழுதிக் கொடுக்காத ஒரு கேள்வியைத் துரையிடம் இங்கிலீஷில் கேட்டாள். துரை முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் பக்கமாகக் குனிந்து, தணிந்த குரலில், இரண்டு மூன்று நிமிஷம் பேசினார்.

ராஜ குடும்பத்துத் துரையும் தன் மகளும் சரிக்குச் சரி பேசுவதைப் பார்த்து ஆத்தப்பனுக்கு நெஞ்சு விம்மியது. ஒரு வார்த்தையும் புரியவில்லை. அதனால் என்ன, அதற்குத்தானே மகளைப் படிக்க வைத்தது? துரை நிறுத்தியதும் என்ன சொல்கிறார் என்று அவளைக் கேட்டார்.

தேஜஸ்ரீ அப்பனுடைய முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

"அவரு ஒரு நாளும் அழவே இல்லீங்களாம் டாடி. ஹாஸ்டல் ரொம்பப் புடிச்சுதாமுங்க."

ஆத்தப்பன் எழுந்தேவிட்டார். துரையின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வெரி குட் சார், வெரி குட்" என்றார். பரிமாறிக்கொண்டிருந்த முத்தாத்தாளைப் பார்த்து, கேட்டாயா என்று கண்ணாலேயே ஒரு கேள்வி. துரை அவரை ஒன்றும் புரியாதவர் மாதிரி பார்த்தார். பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

துரையின் கார் போனதும் ஆத்தப்பன் கந்தவேலின் தோளைத் தட்டி, பார்த்தாயா என் மகளை என்று கேட்டார். கந்தவேல் தரையைப் பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தான். அவனுக்கும் ஒரு பெண் குழந்தை உண்டு. கடைசியில் சொல்லிவிட்டான்.

"பாப்பா கேட்டது வேறைங்கண்ணா. நீங்க அழாம இருந்தீங்களாமா, அது எப்படி, எனக்கும் சொல்லிக் குடுங்கன்னு கேட்டுச்சுங்க."

துரை சொன்னதையும் சொன்னான். நான் அழுதேன் கண்ணு. முதல் வருஷம் பூராவும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கேட்கக்கூடாது என்று துண்டை வாயில் கடித்துக்கொண்டு அழுதேன். லீவுக்கு ஊருக்குப் போனால் ரயிலடியில் என் அப்பா கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார். அப்புறம் ஒரு நாள் அழுகை நின்றுவிட்டது. என் அம்மா செத்தபோதுகூட எனக்கு அழ வரவில்லை. அதை மட்டும் பழகிக்கொள்ளாதே.

இதற்குத்தானே எழுந்து நின்று கை குலுக்கினோம், வெரி குட் என்றோம்? அந்த மனுஷன் தன்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று ஆத்தப்பனுக்கு உடம்பு கூசியது. அப்புறம், துரை கிடக்கிறார், அந்தப் பிள்ளை நம்மைப் பற்றி என்ன நினைத்திருந்தால் இப்படி ஒரு பொய்யைச் சொல்லியிருக்கும் என்று தோன்றியது. அதைத்தான் தாங்க முடியவில்லை. பெற்ற மகள், அப்பன் முகத்தைப் பார்த்து, அவனுக்கு எது பிடிக்கும் என்று கணித்துப் பேசுகிறாள். வேலை போய்விடுமோ என்று பயந்த சூப்பர்வைசர்தான் அவரிடம் அப்படிப் பேசுவான்.

வாசலில் ஊட்டிக்குப் போகும் கார் தயாராக நின்றது. பெட்டி டிக்கியில் ஏறிவிட்டது. தேஜஸ்ரீ பின் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்தாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றாள். டீ நேரமாகையால் கம்பெனி ஆட்கள் வெளியே வந்திருந்தார்கள். ஆத்தப்பன் கார்க் கதவைத் திறந்து குனிந்தார். துரை அழுதாராமா என்று மகளிடம் கேட்டார்.

"இல்லீங்க டாடி. அவரு அழவே இல்லீங்க."

கண் இமைக்காமல் சொன்னாள். மறுபடி பரீட்சை வைக்கிறார் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கந்தவேல் மாமா எல்லாம் சொல்லிவிட்டார் என்று ஆத்தப்பன் சொன்னதும் குழந்தையின் முகம் வெளுத்துவிட்டது.

"தப்புத்தானுங்க டாடி. இனிமேல் பொய் சொல்ல மாட்டனுங்க. நீங்க சந்தோசமா இருந்தீங்க, அதனாலதானுங்க சொன்னேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவர் அவர். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். ஆத்தப்பன் டிரைவரிடம் பெட்டியை இறக்கச் சொன்னார். பெட்டி இறங்குவதைத் தேஜஸ்ரீ திரும்பிப் பார்த்தாள்.

"வேற ஹாஸ்டலுங்களா டாடி?"

"இல்ல சாமி. ஊட்டுக்கு. இனி ஊட்டுல இருந்தே படிக்கலாம் கண்ணு." கட்டியிருந்த அவள் கையைப் பிரித்துவிட்டார். "உனக்கு அழோணும்னா அழு. அப்பன் ஒண்ணும் சொல்லமாட்டன்."

தேஜஸ்ரீ சொன்னபடி கேட்கிற பிள்ளை. உதட்டைக் கோணினாள். கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். முத்தாத்தாள் தலையைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் முயன்று பார்த்தாள் குழந்தை.

"வரமாட்டீங்குதுங்க டாடி" என்றாள். அதற்கும் திட்டு விழுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்தப்பனால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, கதவைப் பிடித்தபடி, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.