மூன்றாவது தேர்வு

...முதலில் வணக்கம், பிறகு என் பெயர், பிறகு கம்பெனி பெயர், அதற்கப்புறம்தான் உங்களுக்கு எப்படி உதவலாம்... இந்த வரிசை ஏன் எனக்கு வரமாட்டேன் என்கிறது, ஒரு குழந்தைகூட ஒப்பித்துவிடும், நானும் மூன்று வாரமாக பஸ்ஸில், குளியலறையில், பாத்திரம் கழுவும்போது என்று முணுமுணுத்தபடிதான் இருக்கிறேன், ஆனால் ஹெட்போனை மாட்டியதும் வாய் தானாக "எங்க இருக்கீங்க?" என்றுதான் திறக்கிறது. பத்தொன்பது வருடப் பழக்கம். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதைத்தானே, இடத்தை முதலில் வாங்கு, லைன் அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும், வணக்கமெல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு... இன்று மூன்றாவது தேர்வு. இரண்டில் தோற்றாகிவிட்டது. இதிலும் தோற்றால் மறுபயிற்சியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், பார்சல் கம்பெனியின் கால் சென்டர் வேலையும் கிடையாது, மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது, வீட்டுக்காரர் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் போனில் சிரிக்கிறாள், "இத்தனை வருஷமும் பேசித்தானே சம்பளம் வாங்கினீங்க அண்ணி, இங்கயும் பேச்சுதானே, என்ன பெரிய மலையைப் புரட்டணும்?" பேச்சுக்கா கொடுத்தார்கள்? கேட்டதற்கல்லவா கொடுத்தார்கள்... பேச்சுக்குப் பின்னால் கேட்கிற மூச்சை, தண்ணீர்க் குழாயை, யாரோ கதவைத் தட்டுவதை.

போன வாரம் இரண்டாவது தேர்வில் பயிற்சி கொடுக்கும் பெண்தான் கோபக்கார வாடிக்கையாளராக நடித்தாள். பார்சல் நான்கு நாளாக வரவில்லை என்று கத்திக்கொண்டே வந்தவள் தாளில் அடுத்த வரியைத் தவறவிட்டு ஒரு கணம் நின்றுவிட்டாள். அவ்வளவுதான், அந்த மௌனம் போதாதா எனக்கு, "மூச்சு இருக்கா? பயப்படாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன், பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. டிரைவர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஆம்புலன்ஸை ஓட்டியவர், இப்போது பக்கத்து நாற்காலியில் தடித்த விரல்களால் கீபோர்டில் எழுத்துத் தேடுகிறவர். மறுநாள்தான் கேலி செய்தார், "என்ன தங்கச்சி, பார்சலைப் படுக்க வச்சியே, சைரன் போட்டு அனுப்ப மறந்துட்டியே!"

ஒரே அரசாணைத் தாளில்தான் வந்தது எல்லாம். மேல் பத்தியில், சிறிய ஊர்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு இனி நிதி இல்லை, எல்லா அழைப்பும் பெருநகர மையத்துக்குப் போகும். கீழ்ப் பத்தியில், வேலை இழப்போருக்கு மறுபயிற்சிக்காக நிதி ஒதுக்கப்படுகிறது. கையெழுத்துப் போட்டவர் நல்லவராகக்கூட இருக்கலாம், அடித்த கையே தடவிக்கொடுக்கிறது, யாரிடம் போய்க் கோபப்படுவது... எங்கள் அறையை மூடிய இரண்டாவது மாதம் பூட்டு ரிப்பேர்க்காரருக்கு நெஞ்சுவலி. அவர் மனைவி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று திரும்பத் திரும்பச் சொன்னாளாம். அந்தத் தொட்டியை இடித்துப் பத்து வருடமாகிறது, ஊரில் எல்லோரும் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம், அந்த மையத்துப் பிள்ளைக்கு எப்படித் தெரியும், இருக்கிற தொட்டியைத்தானே வரைபடத்தில் தேடுவான், அது ஊரின் மறுகோடியில். வண்டி அங்கே போய்த் தேடிவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது போர்வையை முகம்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். அன்று நான் எங்கே இருந்தேன்? இதே வகுப்பில், பார்சல் எண்ணில் எத்தனை இலக்கம் என்று படித்துக்கொண்டிருந்தேன்.

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த முறை நடிப்பு இல்லை, நிஜ வாடிக்கையாளர், நிஜ லைன். ஒருவர் பேச வேண்டும், பக்கத்தில் ஒருவர் இன்னொரு ஹெட்போனில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும், எனக்குக் கேட்கிறவர் டிரைவர் அண்ணன். மணி அடித்தது. வணக்கம், வந்துவிட்டது. பெயர், கம்பெனி பெயர், எப்படி உதவலாம், எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு பெண், திரைச்சீலை இன்னும் வரவில்லை என்கிறாள், பார்சல் எண் கேட்டேன், "ஒரு நிமிஷம் இருங்க" என்று லைனை வெட்டாமல் போனைக் கீழே வைத்துவிட்டு எங்கோ போனாள். மௌனம். இதோ, இங்கேதான் வழுக்கும் என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுத்து சொல்ல வேண்டிய வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், ஏற்பட்ட சிரமத்துக்கு... அவள் திரும்பி வந்தாள், எண்ணைச் சொன்னாள், நாளைக்கு வந்துவிடும் என்றேன், நன்றி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா, முடிந்தது. பயிற்சிப் பெண் கையைத் தட்டினாள், "சூப்பர் மேடம்! குரல்ல ஒரு பதட்டம்கூட இல்ல!"

தாழ்வாரத்தில் டிரைவர் அண்ணன் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றார். பாஸ் பண்ணிட்டேன் அண்ணே என்றேன். தலையாட்டினார். "அந்தப் பொண்ணு எந்திரிச்சுப் போச்சே, அப்ப பின்னாடி ஒரு ஆளு... மூச்சு இழுத்துக்கிட்டு, கர்ருகர்ருன்னு... உனக்குக் கேக்கலையா?"

"டிவியா இருக்கும்ணே."

"இருக்கும் இருக்கும். எனக்குத்தான் எல்லாமே அப்படிக் கேக்குது."

திரும்ப அழைக்க எண் இல்லை, அழைப்பு முடிந்ததும் திரை தானாகத் துடைத்துக்கொண்டுவிடும், விதி அப்படி. அந்த ஒரு நிமிடத்தை மறுபடி காதுக்குள் ஓடவிட்டுப் பார்க்கிறேன்... அங்கே யாரும் இல்லை, கர்ரும் இல்லை, மூச்சும் இல்லை, என் குரல் மட்டும் அடுத்த வரிக்காகக் காத்திருக்கிறது. அதைவிட மோசம், அந்த நிமிடம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதுதான் நினைவுக்கு வருகிறது, பத்தொன்பது வருடத்தில் என் காதுக்குக் கிடைத்த முதல் ஓய்வு... இன்னும் கொஞ்ச நேரம் அவள் திரும்பி வராமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேனே, நினைத்தேன்தானே?