இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே

பட்டறையில் அவருக்கு முழக்கோல் என்று பெயர். பலகையை ஒரு கண்ணை மூடி ஒரு தடவை பார்த்துவிட்டு அளவு சொல்வார். நாடாவை நீட்டிப் பார்த்தால் நூல் பிசகாது. இருபத்திரண்டு வருடத் தச்சுவேலை கொடுத்த கண் அது. அப்பேர்ப்பட்ட மனிதர் சொந்த மனைவியின் இடுப்பு விஷயத்தில் அளவைத் தப்பாகச் சொன்னார், அதுவும் தெரிந்தே சொன்னார் என்றால், கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. வயிறுதான் காரணம். மூன்று மாதமாக அது எரிந்துகொண்டிருந்தது.

எரியவைத்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். முழக்கோலின் மனைவி நூலகத்தில் வேலை பார்க்கிறாள். திரும்பி வரும் புத்தகங்களை வண்டியில் தள்ளிக்கொண்டுபோய் அலமாரிகளில் அடுக்க வேண்டும். ஜனங்கள் விரும்பிப் படிக்கிற புத்தகமெல்லாம் எப்படித்தானோ கடைசித் தட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. குனிந்து குனிந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று பிசியோவிடம் போனாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

"உக்காரும்போது முதுகுக்குத் தலகாணி வைக்கணுமாம், பிசியோ சார் சொன்னாரு." "பால் பாக்கெட் எடுக்கக்கூட முட்டிய மடக்கித்தான் குனியணுமாம், பிசியோ சார் சொன்னாரு." மூச்சுக்கு முந்நூறு பிசியோ சார். முழக்கோலும் இதையெல்லாம் வருடக்கணக்காகச் சொன்னவர்தான். "குனியாதே, உக்காந்து எடு" என்று அவர் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாதவள், எவனோ சொன்னதும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். எப்படி இருக்கும் மனுஷனுக்கு?

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேவிட்டார். "உன் பிசியோ சாருக்கு என்ன வயசிருக்கும்?"

"முப்பது இருக்கும். பாவம், ரொம்பத் தன்மையான மனுஷன்."

தன்மையான மனுஷன்! முழக்கோல் அதற்கு மேல் சாப்பிடவில்லை. அவர் மனத்துக்குள் பிசியோவுக்கு ஓர் உருவம் வளர்ந்தது. நெடுநெடுவென்ற உயரம், சுருள்முடி, எப்போதும் சிரித்த முகம். அந்த உருவத்தின் கை எங்கே இருந்தது என்பதை மட்டும் அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை; நினைக்காமலும் இருக்க முடியவில்லை. நான் கை வைத்தால் வலி, அவன் கை வைத்தால் வைத்தியமா என்று ரோஷம் வந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். அந்தக் கட்டில் அவரே இழைத்துச் செய்தது, கல்யாணத்துக்கு முந்தின மாதத்தில்.

அப்போதுதான் மெத்தைப் பேச்சு வந்தது. பழைய பஞ்சு மெத்தை நடுவில் குழிந்துவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். பிசியோ ஒரு சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார்: ரொம்பக் கெட்டியும் வேண்டாம், ரொம்ப மெத்தென்றும் வேண்டாம், நடுத்தரம்.

"வாங்கறதுக்கு முன்னாடி மல்லாக்கப் படுத்துப் பாக்கணுமாம்" என்றாள் மனைவி. "இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவுல கைய விட்டுப் பாக்கணும். கை தாராளமாப் போய் வந்தா மெத்தை ரொம்பக் கெட்டி. போகவே போகலன்னா ரொம்ப மெத்துனு அர்த்தம், உடம்பு உள்ள அமுங்குது. இறுக்கமாப் போச்சுன்னா அதான் சரி."

முழக்கோலுக்குச் சுருக்கென்றது. "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க பெஞ்சுலயே படுக்கவச்சுக் காட்டிக் குடுத்தாரு."

யார் கையை விட்டுக் காட்டிக் கொடுத்தார்கள்? கேட்டால் அல்பம். கேட்காவிட்டால் தூக்கம் வராது. கேட்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனார்கள். நீளமான கூடம், வரிசையாக மெத்தைகள், எல்லாவற்றின் மேலும் பளபளவென்று பிளாஸ்டிக் உறை. கடைப்பெண் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்கச் சொன்னாள்.

"கைய நீங்க விட்டுப் பாருங்க" என்றாள் மனைவி அவரிடம், புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு.

முதல் மெத்தையில் அவள் பாதி காணாமல் போனாள். கை விரல்நுனிகூட நுழையவில்லை. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் படுத்ததும் அவள் "அம்மாடி!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மாதமாகச் சுருங்கியே இருந்த நெற்றி விரிந்தது. முழக்கோல் கையை விட்டார். நாலு விரலும் போயின, கை விரல்முட்டியில் சிக்கிக்கொண்டு நின்றது.

அவர் கை எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். உளி பிடித்து, இழைப்புளி தள்ளி, இரண்டு தடவை சுத்தியலால் தன்னையே அடித்துக்கொண்டு முட்டியெல்லாம் புடைத்துப்போன கை. சாதாரணக் கை இறுக்கமாகப் போகிற இடத்தில் இந்தக் கை போகாது. இது அவருக்குத் தெரியாதா? அளவு பார்க்கிற கோலின் தடிமனைக் கழிக்க வேண்டும் என்பது தச்சுவேலையில் முதல் வாரப் பாடம். ஆனால் மெத்தையின் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் 'நடுத்தரம்' என்று போட்டிருந்தது. பிசியோ சொன்னபடியே வந்து நிற்கிறது. இனி வாழ்நாளெல்லாம் அவள் அவன் சொன்ன மெத்தையில் படுத்து 'அம்மாடி' என்பாள்.

"போகல" என்றார்.

"மேடம் முகத்தைப் பாத்தா இது செட் ஆகுற மாதிரிதான் தெரியுது சார்" என்றாள் கடைப்பெண்.

"அளவ நான் பாத்துக்கறேன்மா. எனக்கு அதான் தொழில்."

மனைவி கண்ணைத் திறந்து அவரை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து நாலாவது மெத்தைக்குப் போனாள். அதிலும் கை போகவில்லை. ஐந்தாவதில் போயிற்று. அவள் வாயெடுப்பதற்குள் முழக்கோல் பில் போடச் சொல்லிவிட்டார்.

ஐந்தாவது மெத்தை வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் அவளால் குனிந்து செருப்பு வாரைப் போட முடியவில்லை. வலி கூடின முதல் இரண்டு நாள் முழக்கோலுக்கு உள்ளூரக் குஷி. "உன் பிசியோ சொன்ன பரிட்சையிலதானே தேறிச்சு?" என்று குத்திக்கூடக் காட்டினார். மூன்றாம் நாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைப் பிடித்து எழுந்ததைப் பார்த்தார். அதற்கப்புறம் குஷி இல்லை. பத்தாவது நாள், படியிறங்கத் தோள் வேண்டும் என்பதால், அவரே அவளைப் பிசியோவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே இருந்தவர் குட்டையாக, முன்மண்டை வழுக்கையோடு, சட்டைக்கு மேல் இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கே இடுப்பு வலி. மூன்று மாத எரிச்சலை இந்த ஆளுக்கா செலவழித்தோம் என்று முழக்கோலுக்கு வெறுத்துப்போயிற்று.

"கைய விட்டுப் பாத்துத்தானே வாங்கினீங்க?" என்றார் பிசியோ.

மனைவி தரையைப் பார்த்தாள். "இவரு கை சார்."

"நீட்டுங்க சார்." முழக்கோல் நீட்டினார். பிசியோ சிரித்துவிட்டார். "இந்தக் கை போகுதுன்னா அது மெத்தை இல்ல சார், சிமெண்டுத் தரை. ஏம்மா, உங்க கைய விட்டுப் பாருங்கன்னுதானே சொன்னேன்? இங்க பெஞ்சுலயும் நீங்களேதான விட்டுப் பாத்தீங்க?"

முழக்கோல் நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த மூணாவது மெத்தை சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போகலன்னு சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

"எப்படி?"

"என் இடுப்புங்க அது."

"அப்புறம் ஏன் பேசாம இருந்த?"

அவள் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூணு மாசமாச் செவுத்தப் பாத்துப் படுக்கறீங்க. என்ன தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியல, கேக்கவும் பயம். அதான் உங்க கைய விடச் சொன்னேன். மூணாவதே சரின்னு சொல்லிருந்தா அதோட கைய எடுத்திருப்பீங்க. நாலாவதும் அஞ்சாவதும் பாக்கி இருந்துச்சே."

முழக்கோலுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. அவர் அந்த வழுக்கைத் தலைமேல் பொறாமைப்பட்ட மூன்று மாதமும் இவள் அவருடைய கைக்காகவே ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். வெறும் அரை அடி தூரத்தில் கிடந்த கை. எல்லா அளவும் தெரிந்தவருக்கு அந்த அரை அடி தெரியவில்லை.

முப்பது நாளுக்குள் மெத்தையை மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதில் இருந்தது. வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். அதே கூடம், அதே கடைப்பெண். மனைவி மூன்றாவது மெத்தையில் மெதுவாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முழக்கோல் பக்கத்தில் மண்டியிட்டுக் கையை விட்டார். முட்டியில் சிக்கிக்கொண்டு நின்றது.

"போகுதா சார்?" என்றாள் கடைப்பெண்.

"போகல. இதான் சரி."

"அப்ப மாத்தி எழுதிடவா?"

"எழுதிட்டு வாம்மா. ஒண்ணும் அவசரமில்ல" என்றார் முழக்கோல். கையை எடுக்கவில்லை.