மேனேஜர் தூங்கும் நேரம்

நாலு மாதக் குழந்தைக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. இது நர்ஸுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் ஒரு அட்டையில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள்: பதினொன்றரைக்குப் பால், பன்னிரண்டுக்குத் தூக்கம், ஒன்றரைக்கு விழிப்பு. ஏதோ ரயில் வந்து போகிற மாதிரி. சலூன்காரன் அதை வாங்கிவந்து கடைக் கண்ணாடியில் ஒட்டினான். ஒட்டிவிட்டால் நடந்துவிடும் என்று நினைப்பு. கட்டம் போட்டு எழுதிய எதைக் காட்டினாலும் நம்பிவிடுகிற ஆள் அவன்.

இந்தத் தடவை நம்பித்தான் ஆகவேண்டிய நிலைமை. அவன் மனைவி பஸ் டிரைவர். பிரசவத்துக்கு எடுத்த லீவு அந்த வாரத்தோடு முடிகிறது. அடுத்த திங்கட்கிழமை வண்டி எடுக்கிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் டிப்போவுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் வண்டி வேறு ஆளுக்குப் போய்விடும். அவளுக்கோ வண்டி என்றால் உயிர். குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாலும் இடது கால் தன்னால் கிளட்சை மிதிக்கும். தெருவில் எவனாவது ஹாரன் அடித்தால், "கியர் மாத்தத் தெரியாதவனுக்கு ஹாரன் ஒரு கேடு" என்று ஜன்னல் வழியாகத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் நாலு மாதமாக வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வேலைக்குப் போ. பகல்ல பிள்ளைய நான் கடையில வச்சுப் பாத்துக்கிறேன்" என்றான் சலூன்காரன்.

"நீங்களா? பத்து நிமிஷம் கையில வச்சிருந்தா, இந்தா புடி, இந்தா புடின்னு எங்கிட்டத் தள்ளுற ஆளு நீங்க."

"அது வீட்டுல. கடையில நான் வேற ஆளு."

"சரி, இந்த ஒரு வாரம் வெள்ளோட்டம். வெள்ளிக்கிழமை பகல்ல சொல்லாம கொள்ளாம வந்து நிப்பேன். அட்டையில இருக்கிற மாதிரி பிள்ளை தூங்கிட்டிருந்தா டிப்போவுக்கு ஃபோன் போடுறேன். இல்லன்னா விடுங்க, வண்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சலூன்காரன் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான், தலைகீழாக நின்றாவது தூங்கவைத்துவிடுவது என்று.

பக்கத்துக் கடை ஃபோட்டோ ஸ்டுடியோ. ஸ்டுடியோக்காரர் வேறு யாருமில்லை, மனைவியின் சொந்த அண்ணன். தலை நிறையச் சுருள் முடி. ஒவ்வொரு சுருளுக்கும் தனித்தனியாக எண்ணெய் போடுவார் என்று தெருவில் பேச்சு. அந்த முடியைச் சலூன்காரன்கூடத் தொட்டதில்லை. "நுனியை மட்டும், மாப்ள, நுனியை மட்டும்" என்று கத்தரிக்கோலுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

திங்கட்கிழமை காலையில் தள்ளுவண்டி கடைக்குள் நுழைந்ததும் அவர் வாசலில் வந்து நின்றார்.

"மாப்ள, பிள்ளை வளக்கிறது கிருதா எடுக்கிற மாதிரின்னு நெனச்சியா?"

"பாத்துக்கிட்டே இருங்க மச்சான்."

"பாக்கத்தானே போறேன். எனக்கு வேற என்ன வேலை?"

முதல் நாள் பால் பாட்டிலைக் கண்டதும் குழந்தை உதட்டை இறுக்கி மூடிக்கொண்டது. கெஞ்சினான், கொஞ்சினான், பாடினான். பாடினதும் அழுகை கூடியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த தபால்காரர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்களே மேனேஜரம்மா" என்றார். அன்றிலிருந்து குழந்தைக்கு மேனேஜர் என்றே பெயர். பொருத்தம்தான். வேலை ஒன்றும் செய்யாமல் நாலு பேரை ஓடவைப்பவர்களுக்கு வேறு பெயர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை வழி பிறந்தது. கால் வலிக்கிறதே என்று சலூன்காரன் குழந்தையோடு முடிவெட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்தான். எதிரே பெரிய கண்ணாடி. அதில் இன்னொரு குழந்தை, அதன் வாயருகே இன்னொரு பாட்டில். மேனேஜர் முறைத்தாள். அங்கே இருப்பவள் குடித்துவிடப் போகிறாள் என்று தோன்றியதோ என்னவோ, லபக்கென்று கவ்வி, ஒரே மூச்சில் பாதி பாட்டிலைக் காலி பண்ணினாள்.

"பாத்தியா, போட்டின்னு வந்தாத்தான் வேலை நடக்குது" என்றார் தபால்காரர்.

பால் பிரச்சினை முடிந்தது. தூக்கம் இருந்தது.

அதே நாள் பன்னிரண்டு மணிக்கு பேக்கரிக்காரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். சலூன்காரன் அவன் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, மெஷினைப் போட்டான். கொர்ர்ர் என்று மெஷின் முடிக்குள் இறங்க, தள்ளுவண்டியில் இருந்த மேனேஜரின் கண் சொருகியது. இரண்டு நிமிடத்தில் வாய் பிளந்து தூக்கம். சலூன்காரனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. பேக்கரிக்காரனை முடித்தான், மெஷினை நிறுத்தினான், துணியை அவிழ்த்து உதறினான், "அடுத்தது யாரு?" என்றான். மேனேஜர் வீலென்று எழுந்துவிட்டாள்.

தபால்காரர் உட்கார்ந்தார். கொர்ர்ர். தூங்கினாள். முடிந்தது, நிறுத்தினான், உதறினான். வீல்!

"சத்தம் நின்னா முழிச்சிக்கிறா" என்று பெஞ்சு முழுவதும் தீர்ப்பு சொன்னது. ஒருத்தனாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம். நாலு ஆம்பிளைகள் ஒரே கருத்துக்கு வந்துவிட்டால் அப்புறம் யோசிக்க ஆள் ஏது?

சரி, மெஷினைச் சும்மா ஓடவிடலாமே என்று பார்த்தார்கள். அது பழைய மெஷின். முடி இல்லாமல் ஓடினால் கீச்சென்று கத்தியது, மேனேஜரும் கூடவே கத்தினாள். தபால்காரர் தன் ஃபோனில் சத்தத்தைப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினார். மேனேஜர் ஃபோனைப் பார்த்துச் சிரித்து, கையை நீட்டி, தூக்கத்தையே மறந்துவிட்டாள்.

ஆக, ஒன்றரை மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு முடி வேண்டும்.

புதன்கிழமை முதல் கடையில் நடந்ததை வெளியூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பான். பன்னிரண்டு அடித்ததும் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தன் துணிக்குள்ளிருந்து வழுக்கி இறங்க, இன்னொருத்தன் அதே துணிக்குள் வழுக்கி ஏறுவான். மெஷின் நிற்கக்கூடாது. ஆள் மாறுகிற அந்த நொடியில் சலூன்காரன் தன் முன்னங்கை முடியில் ஓட்டிச் சமாளிப்பான். காதோரம் மட்டும் சரி பண்ண வந்தவனுக்குப் பின்மண்டை போனது. பின்மண்டைக்கு வந்தவனுக்கு எல்லாமே போனது.

"அண்ணே, கொஞ்சம் வச்சு வெட்டுங்கண்ணே, பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியணும்" என்று பேக்கரிக்காரன் கிசுகிசுத்தான்.

"பன்னெண்டு நாப்பதுதான் ஆகுது தம்பி. ஆடாத."

ஆனாலும் இருந்த தலைகள் ஒன்றரை வரைக்கும் தாங்கவில்லை. புதன்கிழமை ஒரு மணி ஐந்துக்கு வரிசை தீர்ந்தது. மெஷினை நிறுத்தினான், துணியை உதறினான், வீல். வியாழக்கிழமை தாடிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பேக்கரிக்காரனின் தாடி எட்டு நிமிடம் தாங்கியது. சலூன்காரன் துணியைத் தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டு தன் தலையையும் கொடுத்தான். ஒன்று இருபது வரை வந்தது. நிறுத்தினான், அவிழ்த்து உதறினான், வீல். அன்று தெருவில் போன நாலு மொட்டைகளைப் பார்த்து ஸ்டுடியோக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மாப்ள, நாளைக்கு யார் தலை? தெரு நாய்ங்களையா கூப்பிடப் போற?"

சலூன்காரன் துணியை மடித்து வைத்தான். வீட்டில் அவள் யூனிஃபார்மை எடுத்து இஸ்திரி போட்டு, பிறகு மனசு மாறி மடித்து, பீரோவின் அடியில் வைத்ததைப் பார்த்திருந்தான்.

வெள்ளிக்கிழமை. கண்ணாடியின் முன்னால் பால் குடித்து, பன்னிரண்டுக்குக் கண் சொருகி, எல்லாம் அட்டைப்படி நடந்தது. புதிதாக வந்தவர்கள் மூன்று பேர்தான். மூன்றாவது ஆள் தையல்காரர். அவருக்குக் காதைச் சுற்றி வேலி போட்ட மாதிரி கொஞ்சம் முடி, அவ்வளவுதான். அதை நூல் நூலாக எடுத்தும் பன்னிரண்டரைக்கு முடிந்துவிடும் போலிருந்தது. பெஞ்சில் தபால்காரரும் பேக்கரிக்காரனும். வேலை இருந்தும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். இரண்டு தலையும் பளபளவென்று இருந்தன. ஒன்றுக்கும் உதவாது.

அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன மாப்ள, தலை தீந்துபோச்சா?"

நாலு பேரும் அவர் சுருளையே பார்த்தார்கள். பசித்தவன் பேக்கரி ஜன்னலைப் பார்க்கிற பார்வை.

"டேய், டேய். என்னடா பாக்கிறீங்க?"

"மச்சான்" என்றான் சலூன்காரன். அவன் மெஷின் தையல்காரரின் கடைசி முடியில் ஓடிக்கொண்டிருந்தது. "உங்க தங்கச்சி எப்ப வேணும்னாலும் வந்துடுவா."

"வரட்டும். நான் முதல்லயே சொன்னேன்ல, இது உனக்கு ஆகாதுன்னு."

"ஆகாதுன்னு ஆச்சுன்னா அவ வண்டி போயிடும் மச்சான்."

"அதுக்கு? நாளைக்கு ஒரு கல்யாண ஆர்டர் இருக்கு. நான் மொட்டைத் தலையோட போய் நின்னா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்னைப் படம் எடுப்பாங்க."

மெஷின் கீச்சென்றது. தையல்காரரிடம் முடி தீர்ந்துவிட்டது. சலூன்காரன் கையில் தேய்த்தான். அங்கும் புதன்கிழமையே எல்லாம் போயிருந்தது. தள்ளுவண்டிக்குள் மேனேஜரின் புருவம் சுருங்கியது. கீழுதடு மெல்ல வெளியே வந்து, நடுங்கி, கப்பலைப் போல் வளைந்தது.

ஸ்டுடியோக்காரர் அந்த உதட்டைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

"ஐயோ, மாமா இருக்கேன்டா கண்ணு" என்றவர், தையல்காரரைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் துணிக்குள் புகுந்தார். கண்ணை இறுக்கி மூடினார். "சீக்கிரம் பண்ணித் தொலைடா. ஆனா மெதுவா பண்ணு. எத்தனை நேரத்துக்கு வருதோ அத்தனைக்கு இழு."

கொர்ர்ர். நல்ல அடர்த்தியான முடி, மெஷின் அடித்தொண்டையில் பாடியது. உதடு உள்ளே போனது. முதல் சுருள் விழுந்தபோது தபால்காரர் மடியிலிருந்த தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

இடது பக்கம் முழுவதும் முடிந்து, மெஷின் உச்சிக்கு வந்தபோது கதவு திறந்தது. டிரைவரம்மா. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

அவள் முதலில் குழந்தையைப் பார்த்தாள். தூங்குகிறது. அட்டையைப் பார்த்தாள். சரி. பிறகு மொட்டைகளைப் பார்த்தாள். கடைசியாக நாற்காலியைப் பார்த்தாள்.

"அண்ணே?"

"கேக்காதம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர், கண்ணைத் திறக்காமல்.

நாலு பேரும் ஒரே நேரத்தில் கிசுகிசுவென்று விஷயத்தைச் சொன்னார்கள். சத்தம் நின்றால் முழிக்கிறாள், செவ்வாய், புதன், வியாழன் எல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்று, சந்தேகமே இல்லை.

"அப்ப இன்னும் எத்தனை நாளைக்கு இந்த ஊர்ல தலை இருக்கும்?" என்றாள் அவள். யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

"மெஷினை நிறுத்துங்க."

"வேண்டாம்மா. முழிச்சிக்குவா. எல்லாம் போயிடும்" என்றான் சலூன்காரன்.

"என் பஸ்ல தூங்குறவன் இன்ஜின் நின்னா முழிக்கிறதே இல்லங்க. கடைசி ஸ்டாப்புல ஆஃப் பண்ணிட்டு நான் டீயே குடிச்சிட்டு வருவேன், அவன் வாயைப் பிளந்துட்டுக் கிடப்பான். நிறுத்துங்க."

நிறுத்தினான். கடை அடங்கியது. அடுத்த நொடி அவன் வலது கை தன்னால் மச்சானின் கழுத்துக்குப் போய், துணி முடிச்சை அவிழ்த்து, நுனியைப் பிடித்தது. அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்தக் கை எங்க போகுது?"

"எந்தக் கை?"

"இது."

சலூன்காரன் தன் கையை யாரோ ஒருத்தர் கையைப் பார்ப்பது போல் பார்த்தான். "துணியை உதற."

"எப்படி உதறுவீங்க?"

"பட்டுன்னு. பதினெட்டு வருஷமா அப்படித்தான்."

"ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்தினதும்?"

அவன் விரல்கள் துணியின் நுனியை விட்டன. மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லாத கடையில், கட்டைவிரலைச் சப்பியபடி, ஒரு பெருமூச்சோடு புரண்டு படுத்தாள்.

தபால்காரரின் கை மெல்ல எழுந்து தன் தலையைத் தடவியது. பேக்கரிக்காரன் தாடி இருந்த இடத்தைத் தேடினான். தையல்காரர் காதோரத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூன்று பேரும் சேர்ந்து சலூன்காரனைப் பார்த்தார்கள்.

"உன்னை..." என்று பேக்கரிக்காரன் ஆரம்பித்தான். டிரைவரம்மா விரலை உதட்டில் வைத்தாள். அவன் மீதியைக் கையாலேயே சொன்னான். கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒன்று, தண்ணீரில் முக்குகிற மாதிரி ஒன்று. தபால்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் தொப்பியால் பொத்திக்கொண்டார். அது தொற்றிக்கொண்டு ஒவ்வொருத்தராகக் குலுங்க, பெஞ்சும் சேர்ந்து குலுங்கியது. சலூன்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், ஒரு சத்தம் இல்லாமல்.

அவள் ஃபோனை எடுத்தாள். "டிப்போங்களா? திங்கக்கிழமை முதல் வண்டி எனக்குப் போடுங்க" என்று கிசுகிசுத்தாள்.

"கேக்கலம்மா! யாரு? சத்தமா சொல்லுங்க!" என்று அந்தப் பக்கம் கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

அவள் கதவைத் திறந்து தெருவுக்கு ஓடினாள். எதிர்ச்சாரிக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க, இரண்டு சைக்கிள் பிரேக் பிடிக்க, கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள்: "திங்கக்கிழமை வர்றேன்! என் வண்டியை எவனும் தொடக்கூடாது!" கடைக்குள்ளே நாலு மொட்டைகளும் சத்தம் வராமல் கை தட்டினார்கள்.

"எல்லாம் சரி" என்று நாற்காலியிலிருந்து ஒரு கிசுகிசு வந்தது. ஸ்டுடியோக்காரர் கண்ணைத் திறந்து, கண்ணாடியில் இடது பாதியையும் வலது பாதியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிச்சத்தை எடுத்து விடு மாப்ள. மெஷினைப் போடு."

சலூன்காரன் தள்ளுவண்டியைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், மெஷினை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மெதுவாக மூடினான்.

"இனி ஒரு சோதனையும் வேண்டாம். ஒன்றரை வரைக்கும் பொறுங்க மச்சான். மேனேஜர் தூங்குறாங்க."