சளைக்காத செல்

சோலுலா ஊரில் அதிதூதர் மிக்கேலுக்குத் திருவிழா என்றால் வாணவெடி வானத்தைப் பிளக்கும். இந்த வருடம் விழா எடுப்பவரோ ஆய்வு மாணவி எர்மெலிந்தாவின் அப்பா தோன் காஸ்துலோ. கேட்க வேண்டுமா?

"அப்பா, மத்தியானம் மட்டும் வெடிய நிறுத்தி வைங்களேன்!" ஆய்வுக்கூடத்திலிருந்து போனில் கெஞ்சினாள்.

"போடி! உன் நீர்ப்பல்லிக்காக அதிதூதர் காத்துக்கிட்டு நிப்பாராக்கும்?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நீர்ப்பல்லியின் உள்காதிலிருந்து எடுத்த துளித் திசு கிண்ணத்தில் உயிரோடு கிடந்தது. அதிலுள்ள செல்கள் அதிர்வை உணர்ந்ததும், குட்டிக் குட்டிப் பைகளில் வைத்திருக்கும் ரசாயனத்தை நரம்புக்குக் கொட்டும். பைகள் தீர்ந்தால் செல் ஓய்ந்துவிடும் என்பது ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் அம்பாரோவின் கட்சி. தீரத் தீரப் புதுப் பைகள் வந்து நிற்கும், ஓயவே ஓயாது என்பது இவள் கட்சி.

"இன்னிக்குள்ள காட்டு. இல்லேன்னா வேற தலைப்பு பாத்துக்க," என்று அம்பாரோ கறாராகச் சொல்லியிருந்தார். வருடக்கணக்கான உழைப்பு, போச்சென்றால் போச்சு!

வழக்கமாக ஒரு வெடி போதும், நரம்பின் துடிப்பை ஒலிபெருக்கிக்கும் திரைக்கும் அனுப்ப அதில் செருகிய கண்ணாடி ஊசி நழுவிவிடும். இன்று முதல் வெடிக்கு அது நழுவவில்லை. ஒலிபெருக்கியில் நரம்பு படபடவென்று பொரிந்தது. எர்மெலிந்தா திகைத்தாள். அதிர்வு கொடுக்கும் கருவியை அவள் இன்னும் முடுக்கவே இல்லை. காதை இழந்த பல்லி எங்கோ கிடக்க, அந்தத் துளித் திசு திருவிழாவைக் கேட்டுக்கொண்டிருந்தது!

அடுத்து சரவெடி. மூச்சு விட இடமில்லாமல் ஊரே அதிர்ந்தது. வெடிக்கு வெடி நரம்பு பொரிந்தது, கொஞ்சமும் குறையவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு செல், என்ன வீம்பு, என்ன தெம்பு! சத்தம் கேட்டு வந்த அம்பாரோ திரையருகே குனிந்து துடிப்புகளை எண்ண ஆரம்பித்தார்.

சட்டென்று வெளியே அமைதி. போன் அடித்தது. "ஆச்சுடி, இனிமே வெடி இல்ல. மோலே குழம்பு ஆறிடும், சாப்பிட வா," என்றார் அப்பா.

அம்பாரோ போனைப் பிடுங்கினார். "தோன் காஸ்துலோ, இன்னும் கொஞ்சம் வெடி போடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"எல்லாம் தீந்துபோச்சு டாக்டரம்மா. போட்டவங்களும் கை ஓஞ்சு உக்காந்துட்டாங்க."

ஒலிபெருக்கியில் நரம்பு அந்த அமைதியிலும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

"இங்க இன்னும் ஓயல," என்றார் அம்பாரோ. "உங்க மக ஜெயிச்சுட்டா."